பழகிப் பார்ப்போம் – 9: முதல் பாடம் பிரேக்கில்

வண்டி ஓட்டும் விளையாட்டு என்றால் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு முதலில் கையில் கிடைப்பது கார் அல்ல, பஸ். 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற கைபேசி விளையாட்டை மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. வண்டிக்கு நாமே விரும்பிய பெயிண்டைப் போட்டுக்கொள்ளலாம் என்ற ஒரு வசதி போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டு ரசிகர்கள் அரசு பஸ், ஆம்னி பஸ், தனியார் டவுன் பஸ் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு, திருநெல்வேலி போகும் வண்டியைத் திரையில் ஓட்டுகிற பையனுக்கு அது விளையாட்டு மட்டுமில்லை. அவன் தினம் ஏறி இறங்கும் வண்டி அது. அந்தப் பிரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பஸ்ஸிலிருந்து பந்தயக் காருக்கு மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கைபேசியில் வரும் பல ரேஸ் விளையாட்டுகளில் ஆக்சிலேட்டர் தானாகவே அழுந்தியிருக்கும். 2018-இல் வந்த 'அஸ்ஃபால்ட் 9' இன்னும் ஒரு படி போய், ஸ்டியரிங்கையும் தானே பார்த்துக்கொள்ளும் முறை ஒன்றைக் கொடுத்தது. எந்தப் பாதை, எப்போது நைட்ரோவால் வேகம் கூட்டுவது என்பதை மட்டும் நாம் சொன்னால் போதும். பொழுதுபோக நல்ல விளையாட்டு. ஆனால் அதில் நூறு பந்தயம் ஜெயித்த பிள்ளையை உண்மையான ஓட்டத்தைப் போலச் செய்த விளையாட்டு ஒன்றில் உட்காரவைத்தால், முதல் வளைவிலேயே மண்ணுக்குள் போய்விடுவான். பிரேக் என்ற ஒன்றை அவன் கையில் யாரும் கொடுக்கவே இல்லை.

எனக்கு இந்த வாரப் பாடத்தை எடுத்தவன் அக்கா மகன். அவனிடம் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்றும் 'கிரான் டூரிஸ்மோ 7'-உம் இருக்கின்றன. கன்ட்ரோலரைக் கையில் கொடுத்ததும் அவன் சொன்னது: "மாமா, வேகமாப் போறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நிப்பாட்டப் படிங்க."

விளையாட்டை உருவாக்கியவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். கசுனோரி யமவுச்சி என்ற ஜப்பானியர் 1997-இல் முதல் கிரான் டூரிஸ்மோவைக் கொண்டுவந்தபோதே, பெரிய பந்தயங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று வைத்துவிட்டார். லைசென்ஸுக்குச் சின்னச் சின்னத் தேர்வுகள். அவற்றில் ஆரம்பத் தேர்வு, நேர் ரோட்டில் கிளம்பி, குறித்த கட்டத்துக்குள் வண்டியை நிறுத்துவது. பார்த்தால் சின்னப் பிள்ளை வேலை. செய்து பார்த்தால்தான், எங்கே பிரேக்கைத் தொட வேண்டும் என்பது கண்ணும் விரலும் சேர்ந்து எடுக்கிற முடிவு என்பது புரியும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். காய்ந்த தார் ரோட்டில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாதாரணக் கார், பிரேக்கை அழுத்திய இடத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் எடுத்துக்கொள்ளும் என்றால், 200-இல் போகும்போது 160 மீட்டர் வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு வளைவு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்போதுதான் பிரேக் ஞாபகம் வரும். அதற்குள் அந்த 160 மீட்டரில் பாதி போயிருக்கும். பந்தயத் தடங்களில் வளைவுக்கு முன் 150, 100, 50 என்று பலகை நட்டிருப்பது இதற்காகத்தான். பலகை இல்லாத இடத்தில் ஒரு மரமோ, தாரின் நிறம் மாறும் இடமோ, ஏதாவது ஒன்றை அடையாளமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது டயர். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓர் அளவுக்குத்தான். அதை முழுக்கப் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. நம் ஊர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கைதேர்ந்த டிரைவர் வளைவுக்கு வெகுமுன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவார். திரும்பி முடிந்து ரோடு நேரான பிறகுதான் மறுபடி மிதிப்பார். கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர்கூடத் தடுமாற மாட்டார். திரும்பிக்கொண்டே பிரேக் அடிக்கும் டிரைவரிடம் பஸ்ஸே குலுங்கும். ரேஸ் கார் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதற்கும் இதே விதிதான். நேராகப் போகும்போது பிரேக், பிறகு ஸ்டியரிங், வளைவின் உள்விளிம்பைத் தொட்டதும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது. தடத்தின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வந்து மறுபடி வெளியே போனால் வளைவு அகலமாகி, அதே டயர் கூடுதல் வேகத்தைத் தாங்கும்.

கார் திரும்ப மறுத்து நேராகவே வழுக்கும்போது எல்லோருக்கும் கை தானாக ஸ்டியரிங்கை இன்னும் திருப்பும். அப்போது திருப்பத் திருப்ப வழுக்கல்தான் கூடும். ஆக்சிலேட்டரை விட்டு, திருப்பியதைச் சற்றே தளர்த்தினால் முன் டயர் மறுபடி ரோட்டைப் பிடிக்கும். பின்பக்கம் வழுக்குவதைவிட இதைத் திருத்துவது எளிது. அதனால் ஆரம்பத்துக்கு, பெரும்பாலும் இப்படியே வழுக்கும், முன்சக்கரம் இழுக்கும் கார்தான் நல்லது.

கார் என்றதும் பிள்ளைகள் நேரே ஃபெராரிக்குப் போய்விடுகிறார்கள். கிரான் டூரிஸ்மோ 7 அதற்கு வழி விடுவதில்லை. முதலில் கையில் கொடுப்பது ஜப்பானின் சின்னக் கார்களில் ஒன்று. அவற்றில் ஒன்றான ஹோண்டா ஃபிட், நம் ஊரில் ஜாஸ் என்ற பெயரில் ஓடியதே, அந்தக் கார்தான். இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மெதுவான காரில் யோசிக்க நேரம் கிடைக்கிறது; தவறு எங்கே நடந்தது என்று நமக்கே தெரிகிறது.

தமிழ்நாட்டில் மெதுவான காரில் பழக வைப்பதை நிஜத் தடத்திலேயே செய்து காட்டியவர் கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தன். மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். பெயர் ஃபார்முலா மாருதி. பெரிய வேகம் கிடையாது, செலவும் குறைவு. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கோவையில் 1977-இல் பிறந்த நரேன் கார்த்திகேயன் தொடக்க காலத்தில் ஓட்டியது அந்தக் காரைத்தான். அவரே 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோன கரிவர்தன் அதைப் பார்க்க இல்லை. கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

செட்டிப்பாளையமோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் வந்த தடமோ, சங்கரன்கோவில் பிள்ளைக்கு எட்டாத தூரம். சென்னை மட்டுமே சுமார் 600 கிலோமீட்டர். அதனால்தான் திரையில் ஒழுங்காகப் பழகுவதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. இங்கிலாந்தின் ஜான் மார்டன்பரோ, கிரான் டூரிஸ்மோ விளையாடியே, திரையில் ஓட்டுகிறவர்களிலிருந்து நிஜப் பந்தயக்காரர்களைத் தேடிய நிசானின் ஜிடி அகாடமி போட்டியில் 2011-இல் ஜெயித்தார். 2013-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தார். எல்லோருக்கும் அது நடக்காது. ஆனால் அவருக்கும் தொடக்கம் ஒரு கன்ட்ரோலர்தான்.

ஆனால் திரையில் பழகியதை ராஜபாளையம் ரோட்டில் பைக்கில் செய்து பார்க்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டும். 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. திரையில் கார் கவிழ்ந்தால் ஒரு பொத்தானில் மறுபடி நிற்கும். ரோட்டில் அப்படி ஒரு பொத்தான் இல்லை.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டியரிங்கும் பெடலும் சேர்ந்த நல்ல செட் 20,000 ரூபாய்க்கு மேல் போகும். தொடங்குகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம். ஆனால் கைபேசித் திரையின் பொத்தானில் பிரேக் என்றால் முழுப் பிரேக், இல்லையென்றால் ஒன்றுமில்லை. கணினியின் கீபோர்டும் அப்படித்தான். பாதி பிரேக், கால் பிரேக் என்று அளந்து அழுத்த, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் விசை உள்ள கன்ட்ரோலர் வேண்டும். புளூடூத் கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

ரோட்டின்மேல் விளையாட்டே கோடு வரைந்து, பிரேக் பிடிக்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும். ஆரம்பத்தில் அது இருக்கட்டும். கூடவே சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கட்டும். ஒரே தடம், ஒரே கார். ஒவ்வொரு சுற்றும் ஒரே நேரத்துக்குப் பக்கத்தில் வரத் தொடங்கியதும் முதலில் கோட்டை எடுத்துவிடுங்கள். கோடு இருக்கும்வரை கண் காருக்கு முன்னாலேயே கிடக்கும். அக்கா மகன் என்னிடம் ஓயாமல் சொல்வதும் அதுதான்: "ரோட்டயே பாக்காதிய மாமா. வளைவு எங்கன முடியுதுன்னு பாருங்க." ஏபிஎஸ்ஸைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். விரல் அதற்குத் தயாராக நாளாகும்.

இதுவரை தடத்தில் நாம் தனியாகத்தான் ஓடினோம். முன்னால் பத்துக் கார், பின்னால் பத்துக் கார் என்று வைத்து முதல் வளைவுக்குள் நுழைவது வேறு வித்தை. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)