ஒலி வருகிறது, படம் வரவில்லையே!

கைப்பேசியில் எடுத்த வீடியோவைப் புது மடிக்கணினியில் ஓட்டுகிறீர்கள். பேச்சு தெளிவாகக் கேட்கிறது. திரையோ ஒரே கறுப்பு. கணினி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படச்சட்டத்தில் 1920 × 1080 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட். வினாடிக்கு 30 சட்டங்கள். வினாடிக்கு 18 கோடி பைட்டுக்கு மேல் வருகிறதல்லவா? இதை அப்படியே சேமிக்க முடியுமா? ஆகவே சுருக்குகிறார்கள். ஆசிரியரின் கை மட்டும் அசைந்தால், அசையாத கரும்பலகையை ஒவ்வொரு சட்டத்திலும் திரும்ப எழுதுவதில்லை.

படத்துக்கு ஒரு சுருக்கும் முறை, ஒலிக்கு வேறொன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைக்கிறார்கள். எம்பி4 என்பது அந்தப் பெட்டியின் பெயர்தான். உள்ளே படம் 2003இல் வந்த எச்.264 முறையில் இருக்கலாம். 2013இல் வந்த எச்.இ.வி.சி. முறையிலும் இருக்கலாம். சுருக்கியதை விரிக்கும் மென்பொருளுக்குக் கோடெக் என்று பெயர். ஒலிக்குரியது கணினியில் இருந்து, படத்துக்குரியது இல்லையென்றால் கறுப்புத் திரைதான். கோப்பின் பெயரை மாற்றிப் பயனில்லை. சீட்டை மாற்றி ஒட்டினால் டப்பாவிலுள்ள புளி சர்க்கரையாகுமா?

முதலில் வேறொரு வீடியோவை ஓட்டுங்கள். அது ஓடினால் திரையில் பழுதில்லை. அடுத்து, பல கோடெக்குகளைத் தன்னுள்ளேயே கொண்ட வி.எல்.சி.யில் போட்டுப் பாருங்கள். 1996இல் பாரிஸ் நகரக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது, இலவசம். அதை அதன் சொந்தத் தளத்திலிருந்தே பெறுங்கள். “கோடெக் இல்லை, இங்கே அழுத்துக” என்று முன்பின் தெரியாத தளம் அழைத்தால் அழுத்தவே கூடாது. வைரஸ் நுழையும் வாசல்களில் அதுவும் ஒன்று.

படம் வந்து ஒலி வரவில்லையா? அடுத்த அறையிலுள்ள புளூடூத் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்!