கணக்கைக் காக்கும் தட்டு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. நிலம் அதிர்ந்தது. சிறிது நேரத்தில் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. அதுதான் சுனாமி.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர், காணாமல் போயினர். கார் நிக்கோபாரில் கடலோர ஊர்கள் அழிந்தன. கச்சால் தீவிலும் அப்படித்தான். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டத்தில் உழைத்து வாழ்ந்த தீவு அது.

வீடு போனது. வீட்டில் இருந்த ரேஷன் அட்டை, பாஸ் புத்தகம், பத்திரம் எல்லாம் வீட்டோடு போயின. உயிர் பிழைத்தவருக்கு அது இன்னொரு துன்பம்.

இன்று பல கணக்குகள் தாளில் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்குள் அவை எங்கே இருக்கின்றன? அவையும் அழியுமா? அழியாமல் காப்பது எப்படி? தெரிந்துகொள்வோம்.

எதற்கு வேண்டும்?

ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவை நினைத்துக்கொள்வோம். ஊர் ஸ்ரீ விஜயபுரம். 2024 வரை அதன் பெயர் போர்ட் பிளேர். குழுவில் 15 பெண்கள். சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அது திறக்கவே 5 நிமிடம் ஆகிறது. சில நாட்களாக உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம் வேறு. குழுத் தலைவி கடைக்குப் போகிறார்.

"தம்பி, நல்ல ஹார்டு டிஸ்க் ஒன்று வேண்டும்."

"எதற்கு வேண்டும் அக்கா? தினமும் வேலை செய்யவா? பத்திரமாகச் சேர்த்து வைக்கவா?"

சரியான கேள்வி இதுதான். வேலை எது என்று தெரிந்தால்தான் எந்தப் பொருள் நல்லது என்று சொல்ல முடியும்.

சுற்றும் தட்டு

ஹார்டு டிஸ்க் என்பதைத் தமிழில் வன்தட்டு என்பார்கள். கம்ப்யூட்டரின் அலமாரி அது. மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அப்படியே இருக்கும்.

பெட்டிக்குள் பளபளப்பான தட்டுகள் இருக்கும். அவற்றின் மேல் காந்தப் பூச்சு இருக்கும். தட்டு சுற்றும்போது, ஒரு சிறு முனை அதில் எழுதும், படிக்கும். அந்த முனை தட்டைத் தொடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

வீட்டு மின்விசிறி நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 முறை சுற்றும். ஹார்டு டிஸ்க்கோ 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். 7,200 என்றால் ஒரு நொடிக்கு 120 சுற்று! சுற்று கூடினால் வேகமும் கூடும். பெட்டியின் மேலோ விவரச் சீட்டிலோ இந்த எண்ணைப் பார்க்கலாம்.

முதல் ஹார்டு டிஸ்க்கை 1956இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 2 அடி அகலம். எல்லாம் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் கொண்டன. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படமே அந்த இடத்தை நிரப்பிவிடும்.

சுற்றாத டிஸ்க்

இன்னொரு வகை உண்டு. அதன் பெயர் எஸ்.எஸ்.டி. அதில் தட்டு இல்லை. சுற்றும் பாகம் எதுவும் இல்லை. செல்போனில் இருப்பது போன்ற சில்லுகள்தான். தட்டு சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே, மிகவும் வேகமானது. பழைய கம்ப்யூட்டரிலும் இதைப் பொருத்தினால், திறக்கும் நேரம் நன்றாகக் குறையும்.

எஸ்.எஸ்.டி. கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. படகிலும் ஜீப்பிலும் குலுங்கிப் போகும் லேப்டாப்புக்கு இதுவே நல்லது.

ஆனால் இதற்கும் குறைகள் உண்டு. அதே அளவுள்ள ஹார்டு டிஸ்க்கைவிட விலை அதிகம். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் பீரோவில் கிடந்தால், எழுதியது மெல்ல அழியக்கூடும். சில நேரம் முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமல் நின்றுவிடும்.

எனவே கடைக்காரத் தம்பி சொல்கிறார்:

"தினசரி வேலைக்கு எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்ளுங்கள் அக்கா. சேர்த்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்."

சர்வர் என்றால்?

பெரிய அலுவலகங்களில் பல கம்ப்யூட்டர்கள் ஒரே கம்ப்யூட்டரிடம் கணக்கைக் கேட்டு வாங்கும். அதுதான் சர்வர். அது இரவு பகல் ஓடும். வீட்டு டிஸ்க் அந்த உழைப்பைத் தாங்காது. சர்வருக்கென்றே செய்த டிஸ்க்கை வாங்க வேண்டும்.

சர்வரில் இரண்டு டிஸ்க்குகளை ஜோடியாகப் போடுவது வழக்கம். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்போதே பதியும். ஒன்று கெட்டாலும் வேலை நிற்காது. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். தவறுதலாக ஒன்றில் அழித்தால், மற்றதிலும் அழிந்துவிடும். இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பதால் தண்ணீர் வந்தால் இரண்டும் நனையும்.

தீவில் என்ன கவனிக்க வேண்டும்?

கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். அவை இரும்பை மட்டுமல்ல, கம்ப்யூட்டரின் பாகங்களையும் அரிக்கும். கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரத்தில் வைக்கக் கூடாது. தரையிலும் வைக்கக் கூடாது. தனியாக வைக்கும் டிஸ்க்கை மூடி இறுக்கமாக உள்ள டப்பாவில் வைக்கலாம். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு வைக்கலாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மின்சாரம் போனால் கணக்கு கெடலாம். யு.பி.எஸ். பெட்டி இருந்தால், முறையாக அணைக்க நேரம் கிடைக்கும்.

வாங்கும்போது சீல் பிரியாத பெட்டியாக வாங்குங்கள். பில் கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். 5 ஆண்டு உத்தரவாதம் உள்ளது நல்லது. ஆனால் உத்தரவாதம் எதற்கு? டிஸ்க் கெட்டால் வேறு டிஸ்க் தருவார்கள். அதில் இருந்த கணக்கைத் தரமாட்டார்கள்!

கெடாத டிஸ்க் இல்லை

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், எந்த டிஸ்க்கும் ஒரு நாள் கெடும். ஆகவே 3, 2, 1 என்ற மூன்று எண்களை நினைவில் வையுங்கள்.

3 - கணக்கு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும்.
2 - அவை இரண்டு வகைப் பொருள்களில் இருக்க வேண்டும்.
1 - ஒரு பிரதியாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

வேறு இடம் என்பது பக்கத்து அறை அல்ல. அலை வந்தால் பக்கத்து அறையும் போகும். மேட்டில் உள்ள உறுப்பினர் வீடு நல்லது. கடல் தாண்டிய ஊர் இன்னும் நல்லது.

இதற்கு இப்போது வழி உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து கடலடியில் போட்ட இன்டர்நெட் கேபிள் இயங்கத் தொடங்கியது. அதன் நீளம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். அது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தையும் கார் நிக்கோபார், கமோர்ட்டா, லிட்டில் அந்தமான் உள்ளிட்ட வேறு 7 இடங்களையும் இணைக்கிறது. முன்பு செயற்கைக்கோள் வழியாக மெதுவாகப் போனவை இப்போது விரைவாகப் போகின்றன. கணக்கின் ஒரு பிரதியை இன்டர்நெட் வழியே வெளியூரில் சேமிக்கலாம்.

தலைவி என்ன செய்தார்?

"இந்த 'டிக், டிக்' சத்தம் என்ன தம்பி?" என்று கேட்டார்.

"அது எச்சரிக்கை அக்கா. டிஸ்க் சாகப் போகிறது. வேறு வேலை எதுவும் செய்யாமல், முதலில் கணக்கைப் பிரதி எடுத்துவிடுவோம்."

அன்றே பிரதி எடுத்தார்கள். புது எஸ்.எஸ்.டி. கம்ப்யூட்டருக்குள் போனது. ஹார்டு டிஸ்க் பிரதி மேட்டுத் தெருவில் உள்ள உறுப்பினர் வீட்டுக்குப் போனது. மூன்றாவது பிரதி இன்டர்நெட்டில் ஏறியது. வாரம் ஒரு நாள் பிரதி எடுப்பது என்று குழு முடிவு செய்தது. மாதம் ஒரு முறை அந்தப் பிரதியைத் திறந்து பார்ப்பது என்றும் முடிவு செய்தது. திறக்காத பிரதி பிரதியே அல்ல, அல்லவா?

15 பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. யார் எவ்வளவு கட்டினார் என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி. சாட்சி ஒன்றாக இருந்தால் பயம். மூன்றாக இருந்தால் நிம்மதி.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் குழுவின் கணக்கு எங்கே இருக்கிறது? எத்தனை பிரதிகள் உள்ளன?
2. அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில் உள்ளதா?
3. கடைசியாக அதைத் திறந்து பார்த்தது எப்போது?