வீட்டுத் தூசியும் விசிறியின் ஓலமும்

மாத்தளை மாவட்டத்தின் மலைச்சாரல்களிலே, இறத்தோட்டை, எல்கடுவை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், பொழுது சாய்ந்த பின்னரும் ஓயாத ஓசை ஒன்று உண்டு. அது தேயிலைத் தொழிற்சாலையில் இயங்கும் விசிறியின் ஓசை. பகலிற் கொய்த கொழுந்தை நீண்ட தட்டுகளிற் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, இரவெல்லாம் வாட்டுவர். அவ்விசிறி பெரியது, நிதானமாகச் சுழல்வது, தாழ்ந்த சுருதியில் முழங்குவது. அதனைக் கேட்டவாறே தோட்டத்துக் குழந்தைகள் உறங்கிவிடுகின்றன. ஆனால், அடுத்த வீட்டில் தூசி உறிஞ்சும் சிறு இயந்திரத்தை முடுக்கியதும், உறங்கிய குழந்தை வீறிட்டு எழுகின்றது. இரண்டினுள்ளும் இருப்பது விசிறியே. ஒன்று தாலாட்ட, மற்றொன்று அலற வைப்பது ஏன்?

இவ்வினாவை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடுதற்கில்லை. தொழிற்சாலையிற் கொழுந்து உருட்டும் வேலை பல இடங்களிற் பின்னிரவிலேயே தொடங்கிவிடும். அவ்வேலையை முடித்து வீடு திரும்புபவருக்கு உறங்கும் நேரம் பகற்பொழுதே. வீடு பெருக்கும் நேரமும் அதுவே. லயத்து வீடுகளுக்கோ பக்கச் சுவர் பொது, கூரையும் பொது, சில பழைய லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதுமில்லை. ஒரு காம்பராவில் எழும் ஓசை தகரத்தில் மோதி மறு காம்பராவில் இறங்கும். தும்புத்தடியும் ஈர்க்குமாறும் மட்டும் இருந்த காலத்தில் இத்தொல்லை இல்லை. மாத்தளை நகரத்து வீடுகளிலும், தம்புள்ளை, சீகிரியாப் பகுதி விடுதிகளிலும் இடம்பெற்ற மின்சாரப் பெருக்கி, மெல்ல மெல்லச் சிறு வீடுகளுக்கும் வந்து சேருகின்றது.

இதன் பூர்வ கதை சிறிது சுவையானது. 1901 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பொறியியலாளர் ஹியூபர்ட் செசில் பூத் என்பார், தூசியை ஊதித் தள்ளுவதற்குப் பதிலாக உறிஞ்சி எடுக்கலாம் என்று எண்ணினார். உணவுச்சாலை நாற்காலியின் மெத்தைமீது கைக்குட்டையை விரித்து, வாயால் உறிஞ்சிப் பார்த்தார். மூச்சுத் திணறியதாயினும் கைக்குட்டையிற் படிந்த கரிய தூசி அவருடைய எண்ணத்தை மெய்ப்பித்தது. அவர் அமைத்த இயந்திரம் வீட்டினுள் நுழையக் கூடியதன்று. குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சாளரத்தின் வழியே உள்ளே செலுத்துவர். அதன் இரைச்சலால் குதிரைகள் மிரண்டன என்று வாடகை வண்டிக்காரர் வழக்குத் தொடுத்தனர். ஆகவே, இவ்வியந்திரத்தின் ஓசையைப் பற்றிய முறைப்பாடு அந்த இயந்திரத்தின் வயதையே உடையது எனலாம்.

வீட்டினுள் எடுத்துச் செல்லத்தக்க மின்சாரப் பெருக்கியை 1907 ஆம் ஆண்டில் அமைத்தவர் அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்துக் கான்ரன் நகரில், ஒரு கடையைப் பெருக்கித் துப்புரவு செய்து வந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்கிளர். அவர் ஆஸ்துமா நோயால் வருந்தியவர். துடைப்பத்தினால் எழும் தூசி அவரை வாட்டியது. மின்விசிறியின் மோட்டரையும், துடைப்பத்தின் பிடியையும், தலையணை உறையையும் கூட்டி ஒரு கருவி செய்தார். 1908 இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். நெஞ்சு நோயாளி ஒருவரின் மூச்சுத் திணறலிற் பிறந்த கருவி இது என்பதை ஓசையைக் குறை கூறுவோர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி, ஓசை எங்கிருந்து பிறக்கின்றது என்று பார்ப்போம்.

தூசி உறிஞ்சியின் உள்ளே, உள்ளங்கை அகலமே உள்ள ஒரு சில்லு இருக்கின்றது. அதில் வளைந்த அலகுகள் பொருத்தப்பட்டிருக்கும். மோட்டர் அதனை நிமிடத்துக்கு 30,000 முறை சுழற்றுவதாகக் கொள்வோம். அஃதாவது ஒரு செக்கனுக்கு 500 முறை. சில்லின் குறுக்களவு 10 சதமீற்றர் எனின், அதன் விளிம்பு மணிக்கு 560 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் விரைகின்றது. தேயிலை வாட்டும் விசிறி மிகுதியான காற்றை மெல்லென நகர்த்தினாற் போதும். இச்சிறு விசிறியோ தரையிற் படிந்த மணலைப் பெயர்த்தெடுக்கும் உறிஞ்சுவிசையை உண்டாக்க வேண்டும். அவ்விசை விளிம்பின் வேகத்தைப் பொறுத்தது. சிறிய பெட்டிக்குள் அடங்க வேண்டுமாயின் சில்லைப் பெரிதாக்க இயலாது. ஆகவே வேகத்தைக் கூட்டுகின்றனர்.

சில்லில் 7 அலகுகள் இருப்பின், நிலையாக நிற்கும் ஓர் இடத்தை ஒரு செக்கனில் 3,500 முறை அலகு கடந்து செல்லும். கடக்கும் ஒவ்வொரு முறையும் காற்றுக்கு ஒரு சிறு தட்டு. 3,500 தட்டுகள் ஒன்று சேர்ந்து ஒரே சுருதியில் ஊளையிடுகின்றன. கெடுவாய்ப்பாக, மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பதும் 2,000 முதல் 5,000 வரையான அதிர்வுகளையே. குழந்தையின் அழுகையிலும் இவ்வதிர்வுகள் மிகுதி. தொழிற்சாலை விசிறியின் தாழ்ந்த முழக்கம் இதற்கு மிகக் கீழே நின்றுவிடுவதால் செவி அதனைப் பொறுத்துக் கொள்கின்றது. ஓசையின் அளவு மட்டும் பகையன்று. மாசி மாதத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர் புறப்படும்போது ஒலிக்கும் நாதஸ்வரமும் தவிலும் எந்தத் தூசி உறிஞ்சியையும் விஞ்சுவன. ஆயினும் அவற்றுக்கு எவரும் செவி பொத்துவதில்லை.

இந்த ஊளையோடு வேறு ஓசைகளும் கலக்கின்றன. அலகுகளிலிருந்து பிரியும் காற்று சுழல் சுழலாக உடைந்து 'உஸ்' என்று சீறும். மோட்டரின் அதிர்வு நெகிழித் தோலுக்குத் தாவி, அப்பெட்டி முழுவதும் ஒரு பறையைப் போல் அதிரும். நெளிவுள்ள குழாயினூடே காற்று விரையும்போது அக்குழாய் புல்லாங்குழல் போல் ஊதுவதும் உண்டு.

காற்றோட்டம் ஓசையாக மாறும் முறையை 1952 இல் ஜேம்ஸ் லைற்ஹில் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டார். ஜெற் விமானத்தின் பேரிரைச்சலே அன்று அவரை இதில் ஈடுபடுத்தியது. விசிறிகளைப் பொறுத்தவரை இன்று பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு இது: விளிம்பின் வேகம் இரட்டித்தால், ஒலியாற்றல் 32 மடங்கு முதல் 64 மடங்கு வரை பெருகும். மறுதலையாக, வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே ஒலியாற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். ஆனால் உறிஞ்சும் அழுத்தமும் நூற்றுக்கு 64 ஆகக் குறையும். இங்கேதான் பொறியியலாளரின் இக்கட்டு. ஓசை குறைய வேண்டும். தூசி எஞ்சியிருத்தலும் ஆகாது.

அதற்கு ஒரு வழி, வேலையைப் பங்கிடுதல். ஒரு சில்லுக்குப் பதிலாக இரு சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தால், ஒவ்வொன்றும் பாதி அழுத்தத்தை ஈந்தாற் போதும், வேகம் தணிகின்றது. இரண்டின் ஓசையையும் கூட்டினாலும் பழைய ஓசையின் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கும். மற்றொரு வழி, சுழலும் அலகுகளுக்கும், அவற்றைச் சூழ்ந்து நிலையாக நிற்கும் தடுப்புகளுக்கும் இடையே போதிய இடைவெளி விடுதல். அலகின் எண்ணிக்கையும் தடுப்பின் எண்ணிக்கையும் ஒத்திருந்தால் எல்லா அலகுகளும் ஒரே கணத்தில் தடுப்புகளைக் கடந்து, தட்டுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கொள்ளும். 7 க்கு 7 என்று வையாது 7 க்கு 12 என்று வைத்தல் இதனாலேயே. இன்னும் சிலர் அலகுகளைச் சமமற்ற இடைவெளிகளில் அமைத்து, ஒரே ஊளையைப் பல மெல்லிய ஓசைகளாகச் சிதறடிக்கின்றனர்.

அண்மைக் காலத்து மோட்டர்கள் சில நிமிடத்துக்கு 1,10,000 முறை சுழல்கின்றன. 13 அலகுகள் உள்ள சிறு சில்லை அவ்வேகத்திற் சுழற்றினால் தட்டுகள் செக்கனுக்கு 23,000 ஐத் தாண்டும். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஆதலின், ஊளை இருந்தும் இல்லாததாகின்றது. வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அது கேட்கும். அவற்றின் கருத்தை எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

பிறந்த ஓசையை வழியிலே விழுங்கச் செய்வது அடுத்த கலை. நார், கம்பளி, நுரைப்பஞ்சு முதலியவற்றின் நுண்துளைகளிற் புகும் ஒலி உராய்ந்து வெப்பமாகி மறைகின்றது. ஆனால் அப்பொருளின் தடிப்பு, ஒலியலையின் நீளத்தில் நாலில் ஒரு பங்களவேனும் இருந்தாற் பயன் மிகுதி. 3,500 அதிர்வுடைய ஊளையின் அலைநீளம் 10 சதமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஓர் அங்குலத் தடிப்பே அதனை அடக்கப் போதும். 100 அதிர்வுடைய முழக்கத்தின் அலைநீளமோ 3 மீற்றருக்கு மேல்; அதனை அடக்கப் பெட்டியைவிடப் பெரிய பஞ்சு வேண்டும். எனவே, நல்ல இயந்திரங்களிற் காற்று நேரே வெளியேறாது, நுரை ஒட்டிய வளைவழிகளில் திரும்பித் திரும்பி வெளிவருகின்றது. மோட்டரோ பெட்டியைத் தொடாமல் றப்பர்த் துண்டுகளில் அமர்த்தப்படுகின்றது.

இதனைக் கேள்விப்பட்டு, காற்று வெளிவரும் துவாரத்தைத் துணியால் அடைத்துவிடலாம் என்று எவரேனும் எண்ணின், அது பெரும் ஆபத்து. பெரும்பாலான தூசி உறிஞ்சிகளில் மோட்டரைக் குளிர வைப்பது உள்ளே ஓடும் அக்காற்றே. ஓட்டம் நின்றால் மோட்டர் வெந்துவிடும், தீப்பற்றவும் கூடும். பை நிறைந்தாலும் வடிகட்டி அடைபட்டாலும் இதே நிலைதான். அதற்கு ஓர் அறிகுறி உண்டு: ஓசையின் சுருதி உயரும். இயந்திரம் முன்னினும் கடுமையாக உழைக்கின்றது என்று பலர் மயங்குவர். உண்மை அதற்கு நேர்மாறு. தள்ளுவதற்குக் காற்றுக் கிடையாமையாற் சுமை குறைந்து, சில்லு வெறுமனே விரைகின்றது. சுருதி ஏறியவுடன் இயந்திரத்தை நிறுத்தி, பையைக் கழற்றிப் பார்ப்பதே முறை. மிளகும் கொக்கோவும் உலர்த்தும் வீடுகள் மாத்தளையிற் பல. அங்கே நுண்ணிய தூள் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும் என்பதால் இதனைக் கவனித்தல் வேண்டும்.

வீட்டாரால் ஆகக்கூடியவை வேறும் சில உண்டு. வேகத்தைக் குறைக்கும் திருகு இருப்பின், சீமெந்துத் தரைக்கும் பாய்க்கும் குறைந்த வேகமே போதும். கம்பளத்துக்கு மட்டுமே முழு வேகம் வேண்டும். வெறுந்தரையில் இருத்தாது, தும்பு விரிப்பின்மீது இருத்தினால் அதிர்வு தரைக்கு இறங்காது. குழாயில் வெடிப்பு இருந்தால் அதுவே சீழ்க்கை அடிக்கும். ஒட்டுநாடாவினால் அதனை மூடலாம். பெட்டியைத் திண்ணையில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டு செல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. தன் வீட்டு ஓசையை அயல் வீட்டுக்கு அனுப்பும் இம்முறை அவ்வளவு மெச்சத்தக்கதன்று.

புதிதாக வாங்குவோர் தெசிபெல் என்னும் அளவைப் பார்த்தல் நன்று. அது சாதாரண எண்ணன்று. 10 கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்கு. 72 க்கும் 78 க்கும் வேறுபாடு ஆறுதானே என்று எண்ணலாகாது. அது நான்கு மடங்கு. மேலும், இயந்திரம் வெளியிடும் மொத்த ஒலியை ஒருவர் குறிப்பார். ஒரு மீற்றர் தூரத்திற் கேட்கும் ஒலியை மற்றொருவர் குறிப்பார். பின்னையது இயல்பாகவே சிறிய எண். இரண்டையும் ஒப்பிட்டு ஏமாறுதல் எளிது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்ரெம்பர் முதலாந் திகதி தொடக்கம், வீட்டுத் தூசி உறிஞ்சிகளின் மின்வலு 900 உவாற்றுக்குக் கீழும், மொத்த ஒலி 80 தெசிபெல்லுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என விதித்தது. வலு குறைந்தாற் சுத்தம் குறையும் என்று சிலர் அஞ்சினர். வீணாகும் வலுவே பெரும்பாலும் இரைச்சலாகவும் வெப்பமாகவும் வெளிப்பட்டது என்பதை நல்ல வடிவமைப்பாளர்கள் காட்டினர்.

இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள், நகர எல்லைக்குள் பகலில் 63, இரவில் 50 தெசிபெல் என்றும், பிரதேச சபைப் பகுதிகளிற் பகலில் 55, இரவில் 45 என்றும் வரம்பு வகுத்தன. இரவு என்பது மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். எனினும், லயத்துக் காம்பராவிற் பத்து நிமிடம் ஓடும் தூசி உறிஞ்சியை அளப்பதற்கு எவரும் கருவி கொண்டு வரப்போவதில்லை. இரவு வேலை முடித்து வந்தவர் எத்தனை மணிக்கு எழுவார் என்று அவர் வீட்டாரைக் கேட்டறிந்து, அதற்குப்பின் முடுக்குவதே அங்கு நடைமுறைக்கு உகந்தது. அதுவரை தும்புத்தடி இருக்கின்றது. நீர் தெளித்துப் பெருக்கினாலும், ஈரத்துணியால் துடைத்தாலும் தூசி பறவாது.

நெடுநாள் உழைத்த இயந்திரம் திடீரெனக் கரகரத்தால், மோட்டரின் காபன் தூரிகைகள் தேய்ந்திருத்தல் கூடும். துவாரத்தின் வழியே நீலப்பொறி தெரிவதும், கருகல் நாற்றம் வீசுவதும் அதன் குறிகள். மின் இணைப்பைக் கழற்றியபின் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து இரு தூரிகைகளையும் ஒருங்கே மாற்றுவித்தல் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், புதியதும் பழையதும் ஒவ்வாது மறுபடியும் பொறி பறக்கும்.