நாற்காலியிலிருந்து எழ எத்தனை விநாடி?

இதைப் படிக்கும்போது நீங்கள் அநேகமாக உட்கார்ந்திருப்பீர்கள். கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் ஒருமுறை எழுந்து நின்று, மீண்டும் உட்காருங்கள். சில விநாடிகளில் முடியும் இந்தச் செயலுக்குப் பின்னால் எலும்பு, தசை, மூட்டு மூன்றின் கூட்டு உழைப்பு இருக்கிறது.

இழுக்க மட்டுமே தெரியும்

பெரியவர்களின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றை அசைப்பவை 600க்கும் மேற்பட்ட தசைகள். தசைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்: சுருங்கி இழுப்பது. அதனால் தள்ள முடியாது. ஆகவேதான் தசைகள் எதிரெதிராக அமைந்திருக்கின்றன. முழங்காலை நீட்டுவது முன்தொடைத் தசை. மடக்குவது பின்தொடைத் தசை.

தசையை எலும்புடன் கட்டுவது தசைநாண். எலும்பை எலும்புடன் கட்டுவது தசைநார். எலும்பு முனைகள் உரசாமல் இருக்க வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இதில் ரத்தக் குழாய்கள் இல்லை. அதனால்தான் தேய்ந்தால் எளிதில் ஆறுவதில்லை.

நீங்கள் எழும்போது முன்தொடைத் தசையும் பிட்டத் தசையும் சுருங்கி உடலைத் தூக்குகின்றன. முழங்கால் சில்லு ஒரு கப்பிபோல் செயல்பட்டு அந்த இழுப்புக்கு வலுவூட்டுகிறது. உட்காரும்போதும் தசைக்கு ஓய்வில்லை. இழுவிசையை விடாமல் மெல்ல நீண்டுகொடுத்து, உடலைப் பதமாக இறக்குகிறது. ஒருவர் நாற்காலியில் தொப்பென்று விழுவதுபோல் உட்காரத் தொடங்கினால், தொடைத் தசை தளர்ந்துவருகிறது என்று பொருளாக இருக்கலாம்.

எலும்புக்கும் உயிருண்டு

எலும்பு வெறும் சுண்ணாம்புத் தூண் அன்று. பழைய பகுதிகளைக் கரைக்கும் அணுக்களும் புதிதாகக் கட்டும் அணுக்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. ஏறக்குறைய 10 ஆண்டுகளில் பெரியவர்களின் எலும்புக்கூடு பெரும்பாலும் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது.

எங்கே பாரம் விழுகிறதோ அங்கே எலும்பு உறுதியாகும். பாரம் இல்லாவிட்டால் மெலியும். விண்வெளி வீரர்களே இதற்குச் சான்று. எடையற்ற நிலையில் அவர்களின் இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்திற்குச் சுமார் 1 விழுக்காடு குறைகிறது.

நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்தால் பூமியிலும் தசையும் எலும்பும் வலுவிழக்கும். 30 வயதுக்குப் பின் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி வேகமாகச் சரிகிறது. இரண்டும் சேரும்போது, குளியலறையில் ஒருமுறை வழுக்கினாலே இடுப்பு எலும்பு முறியக்கூடும். அதன் பின் பழையபடி நடக்க முடியாமல் போகும் முதியவர்கள் பலர்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கைகளை மடித்தபடி தொடர்ந்து 5 முறை எழுந்து உட்காருங்கள். முதியவராக இருந்தால் ஒருவர் அருகில் நிற்கட்டும். தசை இழப்பை ஆராயும் ஆசிய வல்லுநர் குழுவின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் உடல் இயக்கத் திறன் குறைவு எனக் கருதப்படும். இது நோய் முடிவு அன்று. மருத்துவரைப் பார்க்க ஒரு காரணம், அவ்வளவே. மூட்டு வலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி, 70, 80 வயதிலும் பயிற்சியால் தசை வலுப்பெறும் என்பதே. வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உணவில் புரதமும் கால்சியமும் வேண்டும். முட்டை, பருப்பு, தவ்வு, முள்ளோடு சாப்பிடும் ஈக்கான் பிலிஸ் எல்லாம் உதவும். ஈக்கான் பிலிஸின் உப்பை மட்டும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று. வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதை அன்பு என்று நினைக்கிறோம். அது அவர்களின் தசைக்குக் கிடைக்கும் வேலையைப் பறித்துவிடுகிறது. அடுத்தமுறை பாட்டி தண்ணீர் குடிக்க எழ முயன்றால், தடுக்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள்; எழுவது அவராக இருக்கட்டும்.