மின்னஞ்சலுக்கும் உறை வேண்டும்

தபால் கார்டில் எழுதிய செய்தியை வழியில் யாரும் படிக்கலாம். ஆதலால் நலம் விசாரிக்க மட்டும் கார்டைப் பயன்படுத்தி, பணம், சொத்து, நோய் பற்றிய செய்திகளை உறையிலிட்டு ஒட்டி அனுப்புவது நம் வழக்கம். இன்று கிராமத்து இல்லங்களிலிருந்தும் மின்னஞ்சல் செல்கின்றது. வெளியூரிலுள்ள மகனுக்குப் பத்திர நகலும், வங்கிக் கணக்கு விவரமும், மருத்துவ அறிக்கையும் அதன் வழியே அனுப்புகின்றோம். அது கார்டா, உறையா என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

மின்னஞ்சல், ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்திற்குப் பெரும்பாலும் பூட்டிய தபால் பையிற் போலவே செல்கின்றது. ஆயினும், நிலையத்தை அடைந்ததும் பை திறக்கப்படுகின்றது. உள்ளிருக்கும் கடிதத்திற்கு உறை இல்லை. அஞ்சற் சேவை நடத்தும் நிறுவனத்தின் கணினி அதனைப் படிக்க இயலும். நம் கடவுச்சொல்லைத் திருடியவனும் படிக்க இயலும். கடிதத்திற்கே உறையிடும் முறைதான் மறையாக்கம் எனப்படுவது.

பூட்டும் திறவுகோலும்

முற்காலத்தில் இரகசியக் கடிதம் எழுதுவோர் இருவரும் ஒரே திறவுகோலை முன்னரே பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1976-இல் அமெரிக்க அறிஞர்களான டிஃபியும் ஹெல்மனும் புதுவழியொன்றை வெளியிட்டனர். அதனை ஓர் உவமையால் விளக்கலாம். மகன் திறந்த பூட்டுகள் பலவற்றை ஊரெங்கும் கொடுத்து வைக்கின்றான். திறவுகோலைத் தன்னிடமே வைத்துக்கொள்கின்றான். யாரும் பெட்டியில் கடிதத்தை வைத்து அப்பூட்டை அமுக்கிப் பூட்டலாம். திறக்க வல்லவன் அவன் ஒருவனே. பூட்டுக்குப் பொதுத் திறவி என்றும், திறவுகோலுக்குத் தனித் திறவி என்றும் பெயரிடலாம்.

1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் இதற்கேற்ற கணக்கை வகுத்தனர். 53-ஐயும் 61-ஐயும் பெருக்கினால் 3,233 என்பது எளிது. 3,233 எவற்றின் பெருக்கம் என்று காண்பது சற்றுக் கடினம். இன்று வழங்கும் 2048 பிட் திறவிகளில் இவ்வெண் 617 இலக்கங்கள் கொண்டது. அதனைப் பிரிக்க இன்றைய கணினிகளால் இயலவில்லை.

1991-இல் பில் சிம்மர்மன் இக்கணக்கைப் பயன்படுத்திப் பி.ஜி.பி. என்னும் மென்பொருளை இலவசமாக அளித்தார். ஏற்றுமதிச் சட்டத்தை மீறியதாக அமெரிக்க அரசு அவர்மீது விசாரணை நடத்தி, 1996-இல் அதனைக் கைவிட்டது. அதன் வழிவந்த முறை, 2020 முதல் தண்டர்பேர்டு என்னும் இலவச அஞ்சல் மென்பொருளிலேயே அமைந்துள்ளது.

செய்ய வேண்டுவன

1. மென்பொருளில் திறவி இணையை உண்டாக்கி, நீண்ட கடவுச்சொல்லால் தனித் திறவியைக் காக்கவும்.

2. பொதுத் திறவியை உறவினருக்கு அனுப்பி, அவர்களுடையதைப் பெறவும்.

3. பெற்ற திறவி மெய்யானதா என்று அறியவும். மகன் பெயரால் வஞ்சகன் தன் பூட்டைத் தந்துவிடக்கூடும். ஒவ்வொரு திறவிக்கும் 'கைரேகை' என்னும் அடையாளக் குறி உண்டு. பொதுவாக அது 40 எழுத்துகள் கொண்டது. தொலைபேசியில் அதனைப் படித்து ஒப்பிடுக.

4. தனித் திறவிக்குப் படியெடுத்துப் பத்திரப்படுத்துக. அது தொலைந்தால் பழைய கடிதங்களை நாமும் படிக்க முடியாது.

இம்முறையிலும் முகவரிகளும் அனுப்பிய நேரமும் மறைவதில்லை. தலைப்பு வரியும் மறையாமற் போகலாம். ஆதலின் அதில் இரகசியம் எழுதலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். பஞ்சாயத்தின் வரவு செலவு மக்களுக்கு உரியது; 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதனைக் கேட்க வழி செய்கின்றது. ஆனால் ஒருவரின் நோயும் கடனும் குடும்பச் செய்தியும் அவருக்கே உரியவை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பொதுக் கணக்கைத் திறந்து வைப்பதும் தனிக் கடிதத்தை மூடி அனுப்புவதும் ஒரே நேர்மையின் இரு கடமைகளாகும்.