பிரான்சில் ஓர் அலுவலகம், ஸ்வீடனில் ஓர் அலுவலகம்

அலுவலகத் தலைவரை "நீ" என்று அழைத்தால் என்ன நேரும்? நினைத்தாலே நமக்கு நெஞ்சம் பதறுகிறது அல்லவா? ஆயினும் ஸ்வீடன் நாட்டில் கடைநிலை எழுத்தரும் தலைமை இயக்குநரைப் பெயர் சொல்லி, "நீ" என்றுதான் அழைக்கிறார். முன்னாளில் அங்கும் பட்டத்தையும் பதவியையும் சொல்லியே பேசி வந்தனர். 1967ஆம் ஆண்டில் அரசின் மருத்துவத் துறைக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட் என்பவர், தம் ஊழியர் அனைவரையும் "நீ" என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே பரவி வந்த பழக்கம்தான்; அவருக்குப் பின் அது நாடெங்கும் வேரூன்றிவிட்டது.

பிரெஞ்சு மொழியிலோ, நம் தமிழைப்போலவே, "நீ", "நீங்கள்" என்ற வேறுபாடு இன்றும் உண்டு. உடன் பணிபுரிவோர் "நீ" என்று பேசிக்கொள்வர்; மேலதிகாரியிடம் அவ்வாறு பேசலாமா என்பதைப் பல அலுவலகங்களில் யோசித்தே முடிவு செய்யவேண்டும்.

இந்த ஏணிப்படி எங்கே தொடங்குகிறது? பள்ளியிறுதித் தேர்விலேயே என்று சொல்லலாம். பிரான்சில் உயர்பதவிக்குச் செல்ல விரும்பும் மாணவர் பலர், அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஆயத்த வகுப்புகளில் இரவும் பகலும் படித்துப் போட்டித் தேர்வு எழுதுகின்றனர். வென்றோர் 'கிராந்த் எக்கோல்' எனப்படும் சிறப்புக் கல்லூரிகளில் சேர்வர். 1794இல் நிறுவப்பட்ட பொலிடெக்னிக் அவற்றுள் புகழ் வாய்ந்தது. அரசு உயர் அலுவலர்களுக்கென 1945இல் தொடங்கிய 'ஏனா' என்ற கல்லூரியில், இறுதித் தரவரிசையில் முன்னின்றவர்கள் நிதித்துறை ஆய்வுப் பணி போன்ற உச்சப் பதவிகளைத் தாங்களே தேர்ந்துகொண்டனர். ஜிஸ்கார் தெஸ்தேங், சிராக், ஒல்லாந்து, மக்ரோன் ஆகிய குடியரசுத் தலைவர்கள் அங்கே பயின்றவர்களே. ஒரு சிறு கூட்டமே நாட்டை ஆள்கிறது என்ற குறை வலுத்ததால், 2022இன் தொடக்கத்தில் அதற்குப் பதிலாக வேறொரு நிறுவனம் அமைக்கப்பட்டது.

இருபது வயதில் எழுதிய தேர்வு ஐம்பது வயதிலும் ஒருவரைப் பின்தொடர்வது நமக்குக் கொடுமையாகவே படுகிறது. எனினும் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். எழுத்துத் தேர்வின் விடைத்தாளில் பெயர் இராது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பது திருத்துபவருக்குத் தெரியாது. பொலிடெக்னிக் 1972இல்தான் முதன்முதலாகப் பெண்களை அனுமதித்தது. சேர்ந்தவர் எழுவர். அவர்களுள் ஆன் ஷொப்பினே என்ற மாணவி அவ்வாண்டின் சேர்க்கைத் தேர்வில் அனைவருக்கும் முதலாக வந்தார்! மனைவி வேலைக்குச் செல்வதைக் கணவன் தடுக்கலாம் என்ற சட்டம் 1965 வரை நடைமுறையில் இருந்த நாடு அது என்பதையும் இங்கே நினைவுகூர்வது நல்லது.

வேலை நேரத்தில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பிரான்சின் சட்டப்படி வாரத்திற்கு 35 மணி நேரமே வேலை. ஸ்வீடனில் 40 மணி. டென்மார்க்கில் தொழிற்சங்க ஒப்பந்தங்களின்படி பெரும்பாலும் 37. அப்படியானால் பிரெஞ்சுக்காரர்தான் முதலில் வீடு திரும்புவார் என்று எண்ணுவோம். ஆனால் 'கத்ர்' எனப்படும் அலுவலர் பலருக்கு மணிக்கணக்கு இல்லை. ஆண்டுக்கு 218 நாட்கள் என்ற நாட்கணக்கே உண்டு. மாலை ஆறு மணிக்கும் கூட்டம் நடக்கும். முதலில் எழுந்து செல்பவரைப் பார்த்து, "இன்று அரைநாள் விடுப்பா?" என்று கேலி செய்வதும் உண்டு. நீண்ட மதிய உணவும் இதற்கு ஒரு காரணம். வேலை செய்யும் இடத்திலேயே உண்ணக்கூடாது என்று தொழிற்சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. 2021இல் கொரோனா காரணமாக அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினர். டென்மார்க்கிலோ உணவு அரைமணியில் முடிந்துவிடும். நான்கு மணி சுமாருக்குக் குழந்தையை அழைத்துவரத் தந்தையே கிளம்பிவிட்டால் எவரும் அதைக் குறையாகக் கருதுவதில்லை.

தந்தைக்கும் குழந்தை வளர்ப்பு விடுப்பு என்ற ஏற்பாட்டை ஸ்வீடன் 1974இலேயே கொண்டுவந்தது. இன்று பெற்றோர் இருவருக்குமாக 480 நாட்கள் உதவித்தொகை உண்டு. அவற்றில் 90 நாட்கள் தந்தைக்கே உரியவை, தாய்க்கு மாற்றித்தர இயலாது. பிரான்சில் தந்தைக்கான விடுப்பு 28 நாட்களானது 2021இல்தான். ஆனால் அங்கே மூன்று வயதுக் குழந்தைக்கு அரசின் மழலையர் பள்ளி உண்டு; 2019 முதல் அது கட்டாயமாகவும் ஆயிற்று. ஆதலால் பிரெஞ்சுத் தாய்மார் பலர் முழுநேர வேலையைத் தொடர முடிகிறது.

வட நாடுகள் பெண்களின் சொர்க்கம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அங்கே பெண்கள் பெரும்பாலும் செவிலியர், ஆசிரியை, முதியோர் பராமரிப்பு ஆகிய பணிகளிலேயே குவிந்திருக்கின்றனர். டென்மார்க்கில் முதலாளி ஊழியரை எளிதில் நீக்கவும் முடியும். வேலையிழந்தோர் நிதியில் சேர்ந்தவருக்கு இரண்டு ஆண்டு வரை உதவி கிடைப்பதால்தான் அச்சம் குறைகிறது. தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் சங்கங்களில் இருப்பதும் அவர்களுக்குப் பலம். பிரான்சில் பத்தில் ஒருவரே சங்க உறுப்பினர். ஆனால் சங்கம் அழைத்தால் தெருவில் திரள்வோரோ ஏராளம்!

பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடம் பெண்களுக்கு வேண்டும் என்று நார்வே 2003இல் சட்டம் செய்தது. பிரான்ஸ் அதே அளவை 2011இல் சட்டமாக்கியது. இன்று இரு நாடுகளிலும் அக்குழுக்களில் பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். ஆனால் தலைமை நிர்வாகியின் நாற்காலியில் பெரும்பாலும் ஆண்களே இருக்கின்றனர்.