ஜொகூரில் தமிழரின் நிகழ்த்துகலை அரங்குகள்

ஜொகூர் மாநிலத் தமிழரின் நிகழ்த்துகலை வரலாற்றை ஆராய்வோர் நகர மண்டபங்களை மட்டும் கணக்கிற் கொள்ளுதல் போதாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இம்மாநிலத் தமிழருள் பெரும்பகுதியினர் தோட்டங்களில் வாழ்ந்தமையால், தோட்டத்துக் கோயில் திடலே அவர்தம் அரங்காக விளங்கியது. திருவிழாக் காலங்களில் அங்கு நாதசுவர இசையுடன் நாடகங்களும் நிகழ்ந்தன, தொழிலாளரே நடிகராயினர், நுழைவுக் கட்டணம் இல்லை. பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அத்திடல்களும் உடன் மறைந்தன. நகரில் கலை முறையான பயிற்சிவழி வளரலாயிற்று. சான்றாக, சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் மலேசியாவில் தோற்றுவித்த ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ ஜொகூர் பாருவிலும் பரதமும் இசையும் கற்பித்து வருகின்றது. மண்டபங்களுக்கு ஆவணங்கள் உண்டு. திடல்களுக்கோ முதியோரின் நினைவே ஆவணம். அதனைத் தமிழாசிரியர்கள் மாணவர்வழிப் பதிவு செய்தல் காலத்தின் தேவையாகும்.